லெடன்ஹால் தெருவில் ஒரு யானை

1783 டிசம்பர் 5-ஆம் தேதியிட்டு லண்டனில் ஒரு படம் விற்பனைக்கு வந்தது. அச்சிட்ட ஒற்றைத் தாள். நடுவில் ஒரு யானை. அதன் மேல் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த, அடர்ந்த புருவமுள்ள ஒரு பருத்த மனிதர். யானையின் முகம் மட்டும் யானை முகமாக இல்லை. அது ஒரு மனிதருடைய முகம். முன்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் எக்காளம் ஊதிக்கொண்டு வழிகாட்டுகிறார். எக்காளத்திலிருந்து வங்காளத்தின் வரைபடம் தொங்குகிறது. ஊர்வலம் நடப்பது டில்லியில் அல்ல. லண்டன் நகரில், லெடன்ஹால் தெருவில், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலக வாசலில்.

வரைந்தவர் ஜேம்ஸ் சேயர்ஸ். தொழில்முறையில் வக்கீல். படத்துக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'லெடன்ஹால் தெருவில் கார்லோ கானின் வெற்றி ஊர்வலம்' என்று சொல்லலாம். பிரிட்டிஷ் அரசியல் கேலிச்சித்திரங்களைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் இந்தப் படம் எங்கேயாவது வந்துவிடும். ஒரு மந்திரிசபை கவிழ்ந்ததில் இதற்குப் பங்குண்டு என்பது பொதுவான கருத்து. படத்தின் பின்னணியில் இருப்பது இந்தியா, அதிலும் ஓரளவுக்கு நம் ஊர்க் காசு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் ஆட்களை அடையாளம் காண்போம். யானை மேல் இருப்பவர் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ். சார்ல்ஸ் என்ற பெயரைக் கார்லோ ஆக்கி, கீழைநாட்டுக் கொடுங்கோலன் போலத் தொனிக்கட்டும் என்று ஒரு கானையும் சேர்த்துவிட்டார் சேயர்ஸ். யானையின் முகம் நார்த் பிரபுவுடையது. 1770 முதல் 1782 வரை பிரதமராக இருந்து அமெரிக்காவைக் கோட்டை விட்டவர். அந்தப் போர்க் காலம் முழுவதும் நார்த்தைக் கிழி கிழியென்று கிழித்தவர் இதே ஃபாக்ஸ். 1783 ஏப்ரலில் இருவரும் கைகோத்துக் கூட்டணி மந்திரிசபை அமைத்தார்கள். (கூட்டணி தர்மம் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.) எக்காளம் ஊதுபவர் எட்மண்ட் பர்க். ஃபாக்ஸின் கையில் உள்ள கொடியில் 'மக்களின் மனிதர்' என்று முன்பு எழுதியிருந்தது அடிக்கப்பட்டு, அதற்குப் பதில் கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பொருள், ராஜாதி ராஜன்.

விஷயம் என்னவென்றால், அந்த நவம்பரில் ஃபாக்ஸ் ஓர் இந்திய மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். வியாபாரம் செய்யப்போன கம்பெனி ஒரு ராஜ்ஜியத்தையே வைத்துக்கொண்டு, அதை ஆளவும் தெரியாமல், கணக்கையும் நேர் செய்ய முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. 1773-இலேயே அரசு அதற்கு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. கம்பெனியின் இந்திய நிர்வாகத்தை நாடாளுமன்றம் நியமிக்கும் 7 ஆணையர்களிடம் 4 ஆண்டுகளுக்கு ஒப்படைப்பது என்பதுதான் மசோதாவின் சாரம். 7 பேரும் ஃபாக்ஸ்-நார்த் அணியைச் சேர்ந்தவர்கள் என்பது வெளியானதும் கூச்சல் கிளம்பியது. இந்தியாவில் கிடைக்கும் வேலைகளும் பதவிகளும் எல்லாம் இனி ஃபாக்ஸின் மடியில் என்றார்கள் எதிர்க்கட்சியினர். அந்தச் சந்தேகம் முழுவதும் அநியாயமானது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஆனால் மசோதாவுக்கு இன்னொரு முகம் இருந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி பர்க் அதை ஆதரித்துப் பேசிய பேச்சு அச்சில் கிடைக்கிறது. கம்பெனி ஆட்சியில் இந்திய மக்கள் பட்ட பாட்டை ஊர் ஊராக அடுக்கிக்கொண்டு போகிறார். கர்நாடகமும் தஞ்சாவூரும் வருகின்றன. கர்நாடகம் என்பது இங்கே ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் ஆட்சிப் பகுதி, அதாவது இன்றைய தமிழகத்தின் பெரும்பகுதி. சேப்பாக்கத்து அரண்மனையில் இருந்துகொண்டு அவர் கம்பெனி ஊழியர்களிடமே கண்மண் தெரியாமல் கடன் வாங்கினார். வட்டிக்கு ஈடாக ஊர்களின் வரி வருவாயை எழுதிக்கொடுத்தார். 1773-இல் கம்பெனிப் படையைக் கொண்டு தஞ்சாவூரைப் பிடித்ததும், அந்த விளைச்சலும் கடன்காரர்கள் கைக்குப் போயிற்று. 1776-இல்தான் ராஜாவுக்கு அவர் நாடு திரும்பக் கிடைத்தது. கடன்காரர்களில் பேர்போனவரான பால் பென்ஃபீல்டு, சேர்த்த பணத்தோடு 1780-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரே ஆகிவிட்டார்.

பர்க் பேசிய நான்காம் நாள் சேயர்ஸின் யானை வந்தது. மணிக்கணக்கில் பேசிய பேச்சு ஒரு பக்கம், ஒரு பார்வையில் புரிந்துவிடும் படம் ஒரு பக்கம். எது ஜெயித்திருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. டிசம்பர் 17-ஆம் தேதி பிரபுக்கள் சபையில் 76-க்கு எதிராக 95 வாக்குகளில் மசோதா தோற்றது. அடுத்த இரண்டு நாட்களுக்குள் மந்திரிசபையும் போயிற்று. 24 வயது வில்லியம் பிட் பிரதமரானார். மசோதாவை ஆதரிப்பவர் தம் எதிரி என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பிரபுக்களிடையே செய்தி பரப்பியதுதான் நேரடிக் காரணம். படம் ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் நாடாளுமன்ற விவாதங்களைவிட சேயர்ஸின் படங்களே தமக்கு அதிகம் தீங்கு செய்தன என்று ஃபாக்ஸே சொன்னதாக எல்டன் பிரபுவின் நினைவுகளில் பதிவாகியிருக்கிறது. சேயர்ஸுக்கு பிட் நிதி நீதிமன்றத்தில் ஒரு பதவி வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே பிட் கொண்டுவந்த சட்டமும் கம்பெனியின் மேல் ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை உட்கார வைத்தது. அதற்கு யாரும் யானை வரையவில்லை என்றால் நம்புவீர்களா தெரியாது. அதைவிட முக்கியம், அந்தச் சட்டம் நிறைவேறியது.

இந்த மாதிரிப் படங்கள் எப்படிச் சாத்தியமாயின என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'கார்ட்டூன்' என்ற சொல்லுக்கு அப்போது இன்றைய பொருள் கிடையாது. அது 1843-இல் 'பஞ்ச்' பத்திரிகை கொடுத்த பொருள். 18-ஆம் நூற்றாண்டுப் படங்கள் பத்திரிகையின் மூலையில் வருபவை அல்ல. தனித் தாளாக, படக்கடைகளில் விற்பவை. இங்கிலாந்தில் அச்சுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் 1695-இல் காலாவதியானது. நாடகத்துக்கு 1737-இலிருந்து தணிக்கை வந்தது. மேடையில் ஒரு மந்திரியைக் கிண்டல் செய்ய முடியாது. ஆனால் அதே மந்திரியைத் தாளில் கழுதையாக வரைந்து கடை ஜன்னலில் மாட்டலாம். கேட்க ஆள் கிடையாது.

அவதூறு வழக்கு போடலாமே என்றால், அங்கேதான் வேடிக்கை. படத்தின் குற்றம் என்ன என்பதை நீதிமன்றத்தில் வார்த்தையில் விவரிக்க வேண்டும். அந்தத் தொந்தி வைத்த பன்றி எங்கள் கட்சிக்காரர்தான் என்று வாதியின் வக்கீலே எழுந்து சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள்? 1793-இல் வில்லியம் ஹாலண்டு என்ற படக்கடைக்காரர் ஓராண்டு சிறைக்குப் போனார். காரணம் அவர் விற்ற படங்கள் அல்ல, தாமஸ் பெய்னின் எழுத்தை விற்றது. எழுத்து உள்ளே போயிற்று, படம் ஜன்னலிலேயே இருந்தது. கடைசியில் அரச குடும்பம் கண்டுபிடித்த ஒரே வழி பணம். 1820-இல் ஜார்ஜ் க்ருக்ஷாங்க் என்ற ஓவியர், மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்று எழுதிக்கொடுத்து 100 பவுண்டு வாங்கிக்கொண்டார்.

தொழில்நுட்பம் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த பகுதி. படித்த பொறியியல் எங்கே போகும்? செப்புத் தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் கீறி வரைவார்கள். கீறிய இடத்தில் செம்பு வெளியே தெரியும். அமிலத்தில் முக்கினால் அந்த இடத்தை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். பூச்சை நீக்கி, பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரத் தாளை வைத்து உருளையால் அழுத்தினால் படம். எல்லாம் இடவலமாக மாறி விழும் என்பதால் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுத வேண்டும். ஆட்களின் வாயிலிருந்து கிளம்பும் குமிழிகளில் வரி வரியாக வசனம் வேறு இருக்கும்! செம்பு மென்மையான உலோகம். அச்சடிக்க அடிக்கக் கோடு தேயும். அதனால் ஒரு தகட்டிலிருந்து சில நூறு பிரதிகள், மிஞ்சினால் ஆயிரத்துச் சொச்சம். பிறகு ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். நாடாளுமன்றத்தில் நடந்த ஒரு சம்பவம் இவ்வளவும் தாண்டிச் சில நாட்களில் கடை ஜன்னலுக்கு வந்துவிடும்.

வண்ணமில்லாத படம் 6 பென்ஸ், வண்ணப்படம் ஒரு ஷில்லிங் அல்லது அதற்கு மேல். ஒரு ஷில்லிங் என்பது லண்டன் கூலியாளுக்கு ஏறக்குறைய அரை நாள் கூலி. ஆகவே வாங்கியவர்கள் வசதியானவர்கள், பெரும்பாலும் படத்தில் கேலி செய்யப்பட்டவர்களின் நண்பர்களும் எதிரிகளும். மற்றவர்களுக்கு ஜன்னல் இருந்தது. புதுப்படம் மாட்டிய அன்று நடைபாதையை அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்கும். பிக்காடிலியில் ஃபோர்ஸ் என்பவர் படத் தொகுப்புகளை ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்கு விட்டார். விருந்தாளிகள் வரும் வீடுகளில் வாடகைக்கு எடுத்துப் பார்த்துச் சிரிப்பார்கள். வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்த தலைமுறைக்கு இது சட்டென்று புரியும்.

இந்தப் படங்களின் இலக்கணம் நம் சிலேடைக்கு மிக நெருக்கமானது. ஃபாக்ஸ் என்றால் நரி. எனவே பாதிப் படங்களில் அவருக்கு வால் இருக்கும். பியூட் பிரபு 1760-களில் எங்கும் ஒரு பெரிய பூட்ஸாகவே வருவார். பிட் என்றால் குழி. 1792-இல் அவரை 'அடியில்லாக் குழி' ஆக்கிய படம், எலும்பும் தோலுமான அவர் உடல்வாகையும் சேர்த்து இடித்தது. காளமேகம் லண்டனில் பிறந்திருந்தால் நல்ல கூலி கிடைத்திருக்கும். பெண்களுக்கு மட்டும் இந்தச் சிரிப்பில் வேறு விலை. 1784-இல் 40 நாள் நடந்த வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் ஃபாக்ஸுக்காக டெவன்ஷர் சீமாட்டி ஜார்ஜியானா வீதியில் இறங்கி ஓட்டுக் கேட்டார். கசாப்புக் கடைக்காரருக்கு முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினார் என்று ரோலண்ட்ஸன் வரைந்தார். அதுவாவது தேவலை. மற்றவர்கள் வரைந்த சிலவற்றை இங்கே விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

இவர்களில் மேதை ஜேம்ஸ் கில்ரே. 1756-இல் பிறந்தவர். தந்தை போரில் ஒரு கையை இழந்த சிப்பாய். எழுத்துச் செதுக்கும் தொழில் கற்று, பிறகு ராயல் அகாடமியில் படித்தார். ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணியின் படக்கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருந்து வரைந்தார். 1792-இல் அவர் வரைந்த வேல்ஸ் இளவரசரைப் பாருங்கள்: தின்று முடித்து முள்கரண்டியால் பல் குத்திக்கொண்டிருக்கிறார். வயிற்றின் மேல் சட்டையை ஒரே ஒரு பொத்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. பின்னால் நிரம்பி வழியும் மூத்திரச் சட்டியின் அடியில் கட்டாத பில்கள்.

வாரன் ஹேஸ்டிங்ஸ் இங்கிலாந்து திரும்பி அவர் மேல் பர்க் குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தபோது, கில்ரே 1786 மே மாதம் ஒரு படம் வரைந்தார். ஹேஸ்டிங்ஸ் முகலாய உடையில் ஒட்டகத்தின் மேல் கம்பீரமாக இருக்கிறார். பர்க் துப்பாக்கியால் சுடுகிறார், ஃபாக்ஸ் கத்தியோடு பாய்கிறார், நார்த் பணமூட்டையைத் திருடுகிறார். தலைப்பில் ஹேஸ்டிங்ஸுக்குக் கொடுத்த பட்டம் 'இந்தியாவின் ரட்சகர்'. 1788 பிப்ரவரியில் விசாரணை தொடங்கியது. மார்ச் முதல் தேதி அதே கில்ரேயின் இன்னொரு படம். ஹேஸ்டிங்ஸ் இரண்டு பணமூட்டைகளோடு தர்லோ பிரபுவின் தோள் மேல் உட்கார்ந்து ஒரு கடலைக் கடக்கிறார். கடல் ரத்தம். அதில் மிதப்பவை இந்தியர்களின் பிணங்கள். மே மாதம் மூன்றாவது படம்: மாட்டுச் சந்தையில் ஹேஸ்டிங்ஸின் பணத்துக்குப் பிரபுக்கள் விலைபோகிறார்கள்.

ரட்சகர் 22 மாதத்தில் கொலைகாரர் ஆனது எப்படி? கில்ரே மனம் மாறினார் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. முதல் படத்தை ஹாலண்டு வெளியிட்டார், இரண்டாவதை ஃபோர்ஸ். கடைக்காரருக்கு எது விற்குமோ அது. 1797-இலிருந்து சில ஆண்டுகள் பிட்டின் அரசிடமிருந்து கில்ரேக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு ரகசியமாகப் போய்க்கொண்டிருந்தது. யாரையும் கேலி செய்யும் சுதந்திரமும் யாருக்கும் விலைபோகும் சுதந்திரமும் ஒரே கடையில் இருந்தன. இதைச் சொல்வது அவர் கலையைக் குறைப்பதற்காக அல்ல. கூலிக்கு வரைந்த படங்களிலும் கோட்டின் வேகம் குறையவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. பர்க் 1788-இல் அவத் பேகம்கள் பட்ட கொடுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நம் பழைய சேயர்ஸ் ஒரு படம் போட்டார். பர்க் மாய விளக்கு காட்டும் வித்தைக்காரன். சுவரில் விழும் பிம்பங்களில் காசிப் பூச்சி ஒன்று யானை அளவு. பேகத்தின் மரு மலை அளவு. பேகங்களின் கண்ணீர் பிரம்மாண்டமான துளிகளாகக் கொட்டுகிறது. பார்வையாளர்கள் வியக்கிறார்கள். துன்பம் என்பது லென்ஸ் செய்யும் மாயம் என்கிறது படம். மிகையாகப் பேசுவது பர்க்கின் சுபாவம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆற்காட்டுக் கடன் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடன்களை விசாரணையே இல்லாமல் ஒப்புக்கொண்டு, கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கொடுக்க பிட்டின் அரசு முடிவு செய்தது. பர்க் 1785 பிப்ரவரி 28-இல் அதைக் கண்டித்துப் பேசினார். பயன் இல்லை. பிற்பாடு சேர்ந்த கடன்களை ஆராய 1805-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. பல்லாண்டுகள் தோண்டிய பிறகு, கோரிய தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடன் இல்லை என்று தெரிந்தது. பூச்சியை யானையாக்கிக் காட்டியவர்கள் கடன்காரர்கள்.

இப்போது எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். யானைப் படத்தில் இந்தியா என்பது தலைப்பாகை, அங்கி, ஒரு வரைபடம். ஒட்டகப் படத்தில் ஹேஸ்டிங்ஸ் மாட்டிக்கொண்ட வேஷம். ரத்தக் கடலில் முகம் தெரியாத உடல்கள். மாய விளக்கில் சுவரில் விழும் நிழல். கம்பெனி யாருடைய கைக்குப் போவது என்பது லண்டன்காரர்களின் சண்டை. அந்தச் சண்டையில் இந்தியா துணிமணி.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் கில்ரேதான் வரைந்தார். 1791-இல் கார்ன்வாலிஸ் சென்னைப் படையோடு போய் பெங்களூரைப் பிடித்து, மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே வரை சென்றார். மழை, பசி, வண்டி மாடுகளின் சாவு. பெரிய பீரங்கிகளை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. சேதி லண்டனுக்குப் போய்ச்சேர மாதக்கணக்கானது. டிசம்பரில் வந்த படத்தின் தலைப்பு 'பருவமழை தொடங்கியது'. கார்ன்வாலிஸ் கழுதை மேல் ஓடுகிறார். கோட்டைச் சுவர் மேல் நின்று திப்பு சுல்தான் அவர் மேல் மூத்திரம் பெய்கிறார். பருவமழை அதுதான்! மற்ற படங்களில் உடையாக மட்டும் இருந்த இந்தியா இதில் ஆளாக நிற்கிறது, சிரிக்கவும் செய்கிறது. ஜெயித்துக்கொண்டிருந்ததால் கிடைத்த இடம். 1792 பிப்ரவரியில் திப்பு தோற்று, மகன்கள் இருவரைப் பிணையாகக் கொடுத்த பிறகு, ஓவியர்கள் அந்தப் பிள்ளைகளைக் கார்ன்வாலிஸ் கனிவோடு கைப்பிடித்து வரவேற்கும் காட்சியை வண்ண வண்ணமாக வரைந்து தள்ளினார்கள். அடுத்த ஆண்டு பிரான்ஸோடு போர் வந்தது. படக்கடை ஜன்னல்களை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கில்ரேயின் முடிவு துயரமானது. 1806 வாக்கில் கண் மங்கியது. 1810-க்குள் சித்தம் கலங்கியது. மாடி ஜன்னலிலிருந்து குதிக்கவும் முயன்றார். 1815 ஜூன் முதல் தேதி இறக்கும்வரை ஹன்னா ஹம்ஃப்ரிதான் பார்த்துக்கொண்டார்.

இந்தப் படங்களின் மிகப்பெரிய தொகுப்பு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 17,000-க்கும் மேற்பட்டவற்றை 11 தொகுதிகளில் விவரித்திருக்கிறார்கள். பின் 7 தொகுதிகளை டாரத்தி ஜார்ஜ் என்ற வரலாற்றாசிரியர் தனியாளாக எழுதினார். யார் எந்த மூக்கு என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வாஷிங்டன் காங்கிரஸ் நூலகம். வின்ட்ஸர் அரண்மனையிலிருந்த ஏறக்குறைய 10,000 படங்கள் 1921-இல் அங்கே விலைக்குப் போயின. இரண்டு இடங்களின் இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம். கம்பெனியின் கட்டடத்தை 1861-இல் இடித்துவிட்டார்கள். அந்த மனையில் இப்போது லாயிட்ஸ் காப்பீட்டுக் கட்டடம் நிற்கிறது. காப்பீட்டு மென்பொருள் வேலையாக அந்தப் பக்கம் ஒரு வருடம் போய்வந்திருக்கிறேன். யானை போன தடம் எதுவும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் யானையோடு நின்றுவிடாமல் மேலேயும் பாருங்கள். கெட்ட சகுனமாக ஒரு கருப்புப் பறவை உட்கார்ந்து கரைந்துகொண்டிருக்கும். மசோதா தோற்க அப்போது இன்னும் 12 நாள் இருந்தது.